வலி மாத்திரைப் பழக்கத்துக்கான புறநோயாளிச் சிகிச்சைப் பிரிவு: ஒரு மதிப்பீடு

மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரைக்கே அடிமையாகிவிட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஒரு புறநோயாளிப் பிரிவைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் அண்ணன் அங்கே சிகிச்சை பெற்று வருகிறார். அண்ணியும் நானும் முதல் நாளிலிருந்து அவருடன் சென்று வருகிறோம். அவருடைய அந்தரங்கத்தைக் கருதிப் பிரிவின் பெயரையும் இடத்தையும் தவிர்த்திருக்கிறேன். மருத்துவ அறிவிலும் நோயாளியை மதிப்போடு நடத்துவதிலும் இந்தப் பிரிவை மனமாரப் பாராட்டலாம். உளவள ஆலோசனையிலும் அன்றாட நிர்வாகத்திலும் அதற்குப் பெரிய குறைகள் உண்டு. ஒரு நோயாளியின் மாத்திரையை எவ்வளவு விரைவாக நிறுத்தினார்கள் என்பது எனக்கு அளவுகோல் அன்று. நிறுத்திய பிறகு வரும் மாதங்களில் அவரை உயிரோடும், வேலைக்குப் போகக்கூடிய நிலையிலும், வலியில் தனித்து விடாமலும் காக்கிறார்களா என்பதைக் கொண்டே இந்த மதிப்பீட்டைச் செய்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எளிதில் கண்ணில் படுவதில்லை. மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு இருக்கிறது, மருந்துக்கடையின் ரசீது இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக உண்மையான வலி இருக்கிறது. அண்ணனுக்கு டிரமடால் என்ற வலி மாத்திரையில் தொடங்கியது, வலி அடங்கவில்லை என்று அதே வகையைச் சேர்ந்த டேப்பென்டடாலுக்கு மாறியது, பிறகு இரண்டுமாகச் சேர்ந்தது. ஒரு மாதத்துக்கென்று வாங்கிய அட்டைகள் மாதம் முடிவதற்கு முன்பே தீர்ந்தன. ஒரு மருத்துவர் மறுத்தால் அவர் இன்னொருவரிடம் போனார். இரண்டாமவரிடம் முதலாமவரைப் பற்றிச் சொல்லவில்லை. மாத்திரை போட்ட சற்று நேரத்தில் முகம் தெளியும், பேச்சு கலகலப்பாகும். அடுத்த வேளை நெருங்க நெருங்கக் கொட்டாவியும், மூக்கொழுகலும், வியர்வையும், காரணமற்ற எரிச்சலும் தலைகாட்டும். எங்கே போனாலும் சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார். வலிக்காக எடுத்துக்கொண்ட மருந்தை, வலி வந்துவிடுமோ என்ற அச்சத்துக்காகவும், பிறகு அந்த அச்சத்தையே மறப்பதற்காகவும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதை அண்ணிதான் முதலில் கவனித்துச் சொன்னார்.

முதல் சந்திப்பில் அங்கிருந்த மருத்துவர் மாத்திரைக் கணக்கைக் கேட்பதற்கு முன், "உங்கள் முதுகு வலி இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியால் அண்ணன் மனம் திறந்து பேசினார் என்று உறுதியாகச் சொல்வேன். வலியை நடிப்பு என்று சந்தேகிக்கும் இடத்தில் எந்த நோயாளியும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார். எண்ணிக்கை தெரியாமல் சிகிச்சையைத் தொடங்குவது ஆபத்தானது. டிரமடாலுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்பது உச்ச அளவு; அதைத் தாண்டும்போது வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. எப்போதாவது வலிப்பு வந்ததா, நினைவு தப்பியதா, தூக்க மாத்திரை உண்டா, மது உண்டா, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். தூக்க மாத்திரையும் மதுவும் டிரமடால் போன்ற, அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டு வகை மருந்துகளோடு சேரும்போது மூச்சை ஒடுக்கும் என்பதால், இந்த விசாரணையை ஒரு பிரிவு விட்டுவிட்டால் அங்கே மேற்கொண்டு சிகிச்சை பெறுவதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

அதன் பிறகு, 2013ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் உள்ள 11 அளவுகோல்களை அண்ணனின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தார்கள். நினைத்ததைவிட அதிகமாக அல்லது நீண்ட காலம் எடுத்துக்கொள்வது, குறைக்க முயன்று தோற்பது, மருந்தைத் தேடுவதிலேயே பொழுது கழிவது, ஏக்கம், வேலையிலும் வீட்டிலும் கடமை தவறுவது, உறவுகள் கெட்டும் தொடர்வது, பிடித்தவற்றைக் கைவிடுவது, வாகனம் ஓட்டுவது போன்ற ஆபத்தான நேரங்களிலும் எடுத்துக்கொள்வது, உடலுக்கோ மனதுக்கோ கேடு என்று தெரிந்தும் விடாதிருப்பது, அளவு போதாமற்போவது, நிறுத்தினால் வியர்வை, நடுக்கம் போன்ற விலகல் அறிகுறிகள் வருவது ஆகியவையே அவை. ஓராண்டுக்குள் இவற்றில் இரண்டு, மூன்று இருந்தால் லேசானது, நான்கு, ஐந்து இருந்தால் நடுத்தரமானது, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது. மருத்துவர் சொன்னபடியே மாத்திரையை எடுத்துக்கொள்பவருக்குக் கடைசி இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை அந்த மருத்துவர் அண்ணியிடம் பொறுமையாக விளக்கினார். சொன்ன அளவை ஒருபோதும் மீறாத புற்றுநோயாளிக்கும் மாத்திரை திடீரென நின்றால் உடல் நடுங்கும். அவருடைய உடல் மருந்துக்குப் பழகியிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். அவரை அடிமை என்று சொல்வது மருத்துவப்படி தவறு, மனிதத்தன்மையும் அன்று. இந்த வேறுபாட்டைச் சொல்லித் தராத பிரிவுகள் வலியோடு வாழும் பலரைத் தேவையின்றி அச்சுறுத்திவிடுகின்றன. அண்ணனின் நிலை கடுமையானது என்று முடிவாயிற்று.

சிறுநீர்ச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு முன்பு நாங்கள் போன வேறோர் இடத்தில், சாதாரணச் சோதனைப் பட்டை எதையும் காட்டவில்லை என்பதைக் கொண்டு, அவர் மாத்திரையை விட்டுவிட்டார் என்று சான்றிதழ் தராத குறையாக எங்களை அனுப்பிவைத்தார்கள். அத்தகைய பட்டை மார்ஃபினையும் கோடீனையும் கண்டறிவதற்காக அமைந்தது. டிரமடாலும் டேப்பென்டடாலும் ஃபென்டனில் என்ற வலுவான ஓபியாய்டும் அதில் தெரிவதில்லை. அவற்றுக்குத் தனிச் சோதனை தேவை. இங்கே தனிச் சோதனை செய்தார்கள். அதன் முடிவைத் தண்டனைக்கான சாட்சியாகக் கொள்ளாமல், அளவைத் தீர்மானிப்பதற்கான தகவலாக மட்டுமே கையாண்டார்கள். பின்னொரு முறை முடிவு சாதகமாக இல்லாதபோதும் அவருடைய சிகிச்சையை நிறுத்தவில்லை. மருந்தின் அளவு போதவில்லையா என்றுதான் கேட்டார்கள்.

சிகிச்சைக்குத் தேர்ந்தெடுத்த மருந்து பியூப்ரனார்ஃபினும் நலாக்சோனும் சேர்ந்த, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. பியூப்ரனார்ஃபின் மூளையில் ஓபியாய்டு மருந்துகள் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும், ஆனால் அவற்றை ஓரளவே தூண்டும். ஆகையால் ஏக்கமும் விலகல் துன்பமும் அடங்குகின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் மூச்சை ஒடுக்கும் விளைவு பெரிதாகக் கூடுவதில்லை. உடன் சேர்ந்துள்ள, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் நாக்கின் அடியில் மிகக் குறைவாகவே உடலில் சேரும். யாராவது மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ள முயன்றால்தான் அது வேலை செய்யும். மருந்தின் இறுகப் பற்றும் இயல்பே முதல் நாளில் ஆபத்தாகவும் மாறக்கூடும். உடலில் பழைய மாத்திரை நிறைந்திருக்கும்போது இதைக் கொடுத்தால், அதை ஏற்பிகளிலிருந்து ஒரேயடியாக அகற்றிவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான விலகல் துன்பத்தைக் கிளப்பிவிடும். அதனால் குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரைகளை எடுத்தவர்கள் கடைசி வேளைக்குப் பிறகு பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பை இந்தப் பிரிவு கையாண்ட விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நேரத்தை மட்டும் பார்க்காமல், நாடித்துடிப்பு, வியர்வை, நிலைகொள்ளாமை, கண்மணியின் விரிவு, மூட்டு வலி, மூக்கொழுகல், வயிற்றுக் கோளாறு, நடுக்கம், கொட்டாவி, பதற்றம், மயிர்க்கூச்செறிதல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை போதிய அளவு உயர்ந்த பிறகே முதல் மாத்திரையைக் கொடுத்தார்கள். செவிலியர் ஒருவர் அடிக்கடி வந்து பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம்தான் அண்ணா, இதோ முடிந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிறிய அளவில் தொடங்கி, சற்று இடைவெளி விட்டு, பலனைப் பார்த்து உயர்த்தினார்கள். மாத்திரையை விழுங்கினால் பலன் மிகக் குறைந்துவிடும் என்பதையும், முழுதும் கரையும் வரை பேசவோ குடிக்கவோ கூடாது என்பதையும் செய்தே காட்டினார்கள். இந்த மாத்திரை பற்களைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்திருக்கிறது. கரைந்த பின் தண்ணீரால் மெதுவாக வாயைக் கொப்பளிக்க வேண்டும், பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும் என்ற அறிவுரையையும் இங்கே விடாமல் சொன்னார்கள்.

முன்பு போன இடத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே நடந்தது மிகப் பரவலாக நடக்கும் ஒன்று. உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டு, விலகல் அறிகுறிகளைச் சில மருந்துகளால் தணித்து, அவை அடங்கியதும் குணமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். குறுகிய நேர மாத்திரைகளின் விலகல் துன்பம் கடைசி வேளைக்குப் பின் ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தணிந்துவிடும். அந்த மோசமான நாட்களோடு நோயும் போய்விட்டது என்று நோயாளியும் குடும்பமும் எளிதில் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் ஏக்கமும், தூக்கமின்மையும், எதிலும் பிடிப்பின்மையும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அதே சமயம் பெரிய அளவைத் தாங்கிய உடல் அந்தத் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. அந்த நிலையில் ஒருவர் பழைய அளவையே மறுபடி எடுத்துக்கொண்டால் மூச்சு நின்று இறக்க நேரிடலாம். மருந்துத் தொடர்ச்சி எதுவுமில்லாமல், அதைப் பற்றிய எச்சரிக்கையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது, சிகிச்சையே இல்லாமல் இருப்பதைவிடவும் ஆபத்தாக முடியக்கூடும். அண்ணன் உயிரோடு இருப்பதற்கு நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் அந்த இடத்தின் முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு மாத்திரையை விடுவதற்கு இன்னொரு மாத்திரையா என்று உறவினர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியை அண்ணி நேராக மருத்துவரிடமே கேட்டார். அவர் கோபப்படவில்லை. மெத்தடோன் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் ஓபியாய்டைக் கொண்டு தொடர் சிகிச்சை அளிக்கும் முறையை வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் ஆகிய மருத்துவர்கள் நியூயார்க்கில் தொடங்கி 1965இல் முடிவுகளை வெளியிட்டதையும், மெத்தடோனும் பியூப்ரனார்ஃபினும் 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றதையும், இவற்றைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் காலத்தில் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுவதையும் அவர் எடுத்துச் சொன்னார். அண்ணன் இப்போது மயங்கிக் கிடப்பதில்லை, மாத்திரைக்காகப் பொய் சொல்வதில்லை, வேலைக்குப் போய் வருகிறார். இதையெல்லாம் கண்ணால் கண்ட பிறகு அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் இப்போது யாரும் எழுப்புவதில்லை. எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதற்கு முன்கூட்டியே தேதி குறிக்கவும் அவர்கள் மறுத்துவிட்டார்கள். அது எனக்குச் சரியாகவே பட்டது.

வலிக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது, ஏனெனில் முதுகு வலி தீராதவரை பழைய மாத்திரையின் நினைவும் தீராது. பியூப்ரனார்ஃபின் ஏக்கத்தை ஒரு நாள் முழுவதும் அடக்கினாலும், அதன் வலி நீக்கும் பலன் 6 முதல் 8 மணி நேரமே நிற்கிறது. இதை அறிந்து, நாளுக்கு ஒருமுறை தரும் அளவையே மூன்று பங்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்தச் சிறிய மாற்றத்தால் அண்ணனின் மாலை நேரங்கள் பெரிதும் சீராயின. உடற்பயிற்சிச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள்; நரம்பு வலிக்குத் தனி மருந்து சேர்த்தார்கள். நீண்டகாலம் அதிக அளவில் ஓபியாய்டு எடுத்தால் நரம்புகள் கூருணர்வு பெற்று வலி கூடவும் செய்யலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். மாத்திரையை ஏற்ற ஏற்ற வலி ஏன் அடங்கவில்லை என்பதற்கு அண்ணனுக்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்தது. தன் மன உறுதியின் குறை என்று அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பிரிவு செய்தவற்றுள் எதை முதலில் சொல்வேன் என்று கேட்டால், அண்ணியின் கையில் நலாக்சோன் மூக்குத் தெளிப்பானைக் கொடுத்து, அதைப் பயன்படுத்தப் பழக்கியதைச் சொல்வேன். உதடும் நகமும் நீலம் பாரித்து, மூச்சு மிக மெதுவாகி அல்லது நின்று, தட்டி எழுப்பியும் விழிக்காமல் கிடந்தால், உடனே அவசர உதவியை அழைத்துவிட்டு, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து ஒரு நாசியில் முழுதாக அழுத்த வேண்டும்; இரண்டு மூன்று நிமிடங்களில் மாற்றம் தெரியாவிட்டால் இன்னொரு தெளிப்பானை மறு நாசியில் பயன்படுத்த வேண்டும்; இடையில் செயற்கைச் சுவாசம் தர வேண்டும்; மூச்சு திரும்பிய பின் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நலாக்சோனின் பலன் 30 முதல் 90 நிமிடங்களே நிற்பதால், எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. இதை அண்ணி பலமுறை செய்து பார்க்கும் வரை விடவில்லை. வலுவான ஓபியாய்டு மாத்திரை எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

உளவள ஆலோசனை இந்தத் தரத்துக்கு வரவில்லை. குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் மதுப் பழக்கத்தை மனத்தில் வைத்து அமைந்தவை. கூடாத நட்பு, கொண்டாட்டம், சம்பள நாள் என்று அங்கே பேசப்படுபவை, படுக்கையறையில் தனியே வலியோடு கிடந்து மாத்திரை விழுங்கிய ஒருவருக்கு எந்த வகையிலும் பொருந்தவில்லை. அண்ணன் இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகு போக மறுத்துவிட்டார். தனி ஆலோசனை நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஆலோசகர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு வராதவருக்கு மருந்தை நிறுத்துவதில்லை என்ற அவர்களுடைய நிலைப்பாடு மட்டும் சரியானது.

நிர்வாகத்தில் இன்னும் வருத்தம் உண்டு. காத்திருக்கும் கூடத்தில் நோயாளியின் முழுப் பெயரையும் எந்தச் சிகிச்சைக்கு வந்தார் என்பதையும் உரக்கக் கூப்பிடுகிறார்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சத்தாலேயே பலர் சிகிச்சைக்கு வராமல் இருக்கும்போது, ஓர் எண் வில்லையால் தீரக்கூடிய இந்தக் குறையை இன்னும் விட்டுவைத்திருப்பது ஏற்க முடியாதது. மருந்து வழங்கும் நேரம் வேலை நேரத்தோடு மோதுகிறது. தொடர் விடுமுறை வந்தால் மருந்து எப்படிக் கிடைக்கும் என்பதை நாங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இடையில் மருந்து தடைப்படுவதே பழைய பழக்கத்துக்குத் திரும்ப வைக்கும் என்பதை நன்கறிந்த பிரிவு, அதை அவர்களாகவே சொல்லியிருக்க வேண்டும்.

இத்தகைய புறநோயாளிச் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தூக்க மாத்திரையோ மதுவோ பெரிய அளவில் சேர்ந்திருந்தால், அவற்றைத் திடீரென நிறுத்துவதே வலிப்பையும் உயிராபத்தையும் வரவழைக்கும். அவர்களுக்கு உள்நோயாளிக் கண்காணிப்பு தேவைப்படலாம். கருவுற்றிருப்பவர் எக்காரணம் கொண்டும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கும் மெத்தடோனோ பியூப்ரனார்ஃபினோ தரலாம், ஆனால் மகப்பேறு மருத்துவரும் உடனிருக்கும் இடமாக இருக்க வேண்டும். ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மற்றொரு மருந்தைச் சில இடங்களில் முதலிலேயே பரிந்துரைக்கிறார்கள். அதைத் தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாட்கள் ஓபியாய்டு ஏதும் இல்லாமல் இருந்தாக வேண்டும் என்பதால், பலரால் அந்தக் கட்டத்தைத் தாண்ட முடிவதில்லை.

இதைப் போன்ற ஒரு பிரிவைத் தேடுபவர்கள், அனுமதிச் சீட்டு வாங்குவதற்கு முன்பே சிலவற்றை நேராகக் கேட்டுவிடலாம்: பியூப்ரனார்ஃபினோ மெத்தடோனோ தருகிறார்களா, அதைத் தேதி குறித்து நிறுத்திவிடுகிறார்களா, வலிக்கும் சேர்த்துச் சிகிச்சை உண்டா, குடும்பத்துக்கு நலாக்சோன் தருகிறார்களா, பழக்கம் மறுபடி தலைகாட்டினால் வெளியேற்றுவார்களா. முதல் நாள் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகள் உட்பட, பழைய மருந்துச் சீட்டுகளோடு எடுத்துக்கொண்டு போங்கள். பேச வெட்கப்படும் ஒருவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவை சொல்லிவிடும். அதுவரை மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ, வீட்டார் பிடுங்கி ஒளித்துவைக்கவோ வேண்டாம். கடைசி மாத்திரையை எந்த நேரத்தில் போட வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.